பந்தை இழந்த பத்து நொடி

ஜூன் 12, புதன்

இந்த டைரி பிளக்ஸ் மை விற்கும் கம்பெனி ஜனவரியில் கொடுத்தது. ஐந்து மாதமாகப் பிரிக்கவே இல்லை. இன்று எழுத ஒரு காரணம் வந்திருக்கிறது.

வில்மட் கல்லூரியில் கால்பந்து ஒதுக்கீட்டுப் பட்டியலை ஒட்டிவிட்டார்கள். பதினோரு இடம். அதில் ஏழு பேர் வெளியூர். கேரளத்திலிருந்து மூன்று, கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து இரண்டு, பெங்களூரிலிருந்து ஒன்று, மணிப்பூரிலிருந்து ஒன்று. மீதி நான்கில் இரண்டு பக்கத்து ஊர். பாளையங்கோட்டையில் இருக்கும் கல்லூரிக்குப் பாளையங்கோட்டைப் பையன்கள் இரண்டே பேர். மாவட்ட லீக்கில் முப்பத்தோரு கோல் அடித்த கொம்பையாவின் பெயர் இல்லை.

கோச் வேதமாணிக்கத்துக்கு இது கடைசி வருடம். மார்ச்சில் ஓய்வு. போகிறபோதும் இப்படித்தான் செய்துவிட்டுப் போகிறார்.

யாராவது பின்னால் படித்தால் தெரிந்துகொள்ளட்டும். என் பெயர் ஆறுமுகநயினார். வயது முப்பத்தொன்பது. கல்லூரியின் தெற்கு கேட்டுக்கு எதிரே பிளக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், லேமினேஷனும் உண்டு. 2004-ல் இதே மைதானத்தில் தேர்வு ஆட்டத்துக்கு வந்தேன். மூன்று நாளில் ஆறு கோல். பட்டியலில் என் பெயர் வரவில்லை. என் இடத்துக்கு ஒரு கோழிக்கோட்டுக்காரனைக் கொண்டுவந்தார். அதோடு என் படிப்பும் போயிற்று, ஆட்டமும் போயிற்று. இருபது வருடமாக அந்த மனிதர் தினமும் காலையில் என் கடை வாசலைத் தாண்டித்தான் மைதானத்துக்குப் போகிறார். ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

ஜூன் 13, வியாழன்

காதுகுத்து பிளக்ஸ் நான்கு. பிரிண்டர் ஹெட் அடைத்துக்கொண்டது. சிவப்பு விழவில்லை.

ஜூன் 17, திங்கள்

‘வில்மட் கேலரி’ வாட்ஸப் குழுவில் நான்கு நாளாகச் சண்டை. நானூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். பழைய ஆட்டக்காரர்கள், ஆட்டோக்காரர்கள், வாத்தியார்கள், துபாயில் இருக்கிறவர்கள். ஆளுக்கொரு நியாயம் பேசுகிறார்கள். கோப்பை வேண்டும், எந்த ஊர்க்காரன் அடித்தால் என்ன என்று ஒரு கூட்டம். நம்ம ஊர்ப் பிள்ளை வெளியே நின்று பார்க்கவா கல்லூரி என்று என் கூட்டம்.

கோச்சுக்காக வாதாடுகிறவன் தாசன். குழுவின் அட்மினும் அவன்தான். கூட்டுறவுப் பண்டகசாலையில் பில் போடுகிறான். கோச் பையன்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறார் என்று இன்று நீளமாகக் குரல் செய்தி அனுப்பினான். அவர் கோல் கணக்கைப் பார்ப்பதே இல்லையாம். ஊர் ஊராகப் பேருந்தில் போய், சொல்லாமல் கூட்டத்தில் உட்கார்ந்து, ஒரு பையன் பந்தை இழந்த பிறகு வரும் பத்து நொடியை மட்டும் பார்ப்பாராம். அந்தப் பத்து நொடியில் அவன் திரும்ப ஓடுகிறானா, நடுவரைப் பார்த்துக் கையை விரிக்கிறானா, பந்தைப் பறித்தவன் காலைப் பார்க்கிறானா. கொம்பையா இரண்டு ஆட்டத்தில் பந்தைப் பறிகொடுத்ததும் சொந்தக் கோல்கீப்பரையே கெட்ட வார்த்தை சொன்னானாம். அதனால்தான் இல்லையாம்.

கேட்டுவிட்டு இன்னொரு முறையும் போட்டுக் கேட்டேன். அவர் யாரை மனதில் வைத்து இந்தச் சட்டத்தைப் போட்டார் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் பதில் போடும்போது நிதானமாகப் போட்டேன். “கெட்ட வார்த்தை பேசாதவனைத் தேடுவதென்றால் வேதபாடசாலைக்குப் போகச் சொல்லுங்கள்.” தொண்ணூறு பேர் சிரித்தார்கள். தாசன் சிரிக்கவில்லை.

அவனும் 2004 தேர்வுக்கு வந்தவன்தான். மூன்றாம் நாள் அவன் கால் முட்டு போயிற்று. மழை பெய்து மைதானம் சேறாக இருந்தது. ஆட்டத்தில் நடப்பதுதான்.

ஜூன் 23, ஞாயிறு

பத்துக்கு எட்டில் ஒரு பிளக்ஸ் அடித்துத் தெற்கு கேட்டில் கட்டினேன். “உள்ளூர்க் காலுக்கு இடம் எங்கே?” கீழே கொம்பையாவின் படம். காலையிலேயே கூட்டம் கூடிவிட்டது. கொம்பையாவுக்கு இடம் கேட்டுப் பையன்கள் கையெழுத்து வாங்கினார்கள். இருநூற்றெழுபது.

கோச் வந்தார். நின்று முழுவதையும் வாசித்தார். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார். எழுத்துக்களை வாசித்தாரே தவிர, பக்கத்தில் நின்ற என்னைப் பார்க்கவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

என் மனைவி வடிவு கேஸ் சிலிண்டருக்குப் பதியச் சொன்னாள். மறந்துவிட்டேன்.

மத்தியானம் அந்த மணிப்பூர்ப் பையன் கடைக்கு வந்தான். தோம்பா என்று பெயர். சான்றிதழ்களை லேமினேட் செய்ய வேண்டும், விடுதியில் ஒழுகுகிறது என்று கையைக் காட்டி, இந்தியும் இரண்டு தமிழ்ச் சொல்லுமாகச் சொன்னான். “அண்ணா, தண்ணி, பேப்பர்.” நல்ல மரியாதை. செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தான்.

பள்ளிச் சான்றிதழில் பிறந்த வருடம் 1998. பிறப்புச் சான்றிதழில் 2004. என்ன இது என்று கேட்டேன். பள்ளியில் எழுதியவர் செய்த பிழையாம். அதற்குத் தாசில்தார் கொடுத்த திருத்தக் கடிதத்தையும் எடுத்துக் காட்டினான். முத்திரை, கையெழுத்து எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

மூன்றையும் லேமினேட் செய்து கொடுத்தேன். அதற்கு முன் பள்ளிச் சான்றிதழை மட்டும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஜூலை 3, புதன்

மனு எழுதினேன். ‘வில்மட் முன்னாள் ஆட்டக்காரர்கள்’ என்று போட்டேன். அப்படி ஒரு சங்கம் கிடையாது. இருபத்தாறு வயது ஆளைக் கல்லூரி அணியில் சேர்த்திருக்கிறார்கள், கோச்சுக்குத் தெரிந்தே நடந்திருக்கிறது, வெளியூர்த் தேர்வு முழுவதையும் விசாரிக்க வேண்டும். சான்றிதழ்ப் பிரதியை இணைத்தேன். தாளாளருக்கு ஒன்று, பல்கலைக்கழகத்துக்கு ஒன்று. பதிவுத் தபாலை ரயில் சந்திப்புத் தபால் நிலையத்தில் போட்டேன், இங்கே போடவில்லை.

திருத்தக் கடிதத்தின் பிரதி என்னிடம் இல்லை. இல்லாததை எப்படி இணைக்க முடியும்?

ஜூலை 9, செவ்வாய்

ஒன்றும் நடக்கவில்லை. கோச் வழக்கம்போல் ஐந்தே முக்காலுக்கு வாசலைத் தாண்டினார்.

ஜூலை 16, செவ்வாய்

நடந்துவிட்டது. விசாரணை முடியும்வரை கோச் மைதானத்துக்கு வரக்கூடாது. தோம்பா ஆடக்கூடாது. அணியை உடற்கல்வி ஆசிரியர் பார்த்துக்கொள்வார்.

கடையில் உட்கார்ந்து குழுவில் வந்த அந்தச் செய்தியை மூன்று முறை வாசித்தேன். பிறகு வெளியே போய் அல்வா வாங்கிவந்தேன். வடிவு என்ன விசேஷம் என்று கேட்டாள். ஆர்டர் வந்திருக்கிறது என்றேன்.

2004 ஜூனில் நோட்டீஸ் போர்டு முன்னால் நான் நின்றதுபோல் இன்று அவர் நின்றிருப்பார்.

ஜூலை 20, சனி

தாசன் கடைக்கு வந்தான். இருபது வருடத்தில் என் கடைக்குள் வந்தது இதுதான் முதல் தடவை. இடது காலை மடக்க முடியாது அவனுக்கு. ஸ்டூலில் உட்கார்ந்து காலை நேராக நீட்டிக்கொண்டான். ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

“மனு போட்டது யாருன்னு ஒனக்குத் தெரியுமால?”

தெரியாது என்றேன். முன்னாள் ஆட்டக்காரர்கள் என்று போட்டிருக்கிறதாமே, நீயும் முன்னாள் ஆட்டக்காரன்தானே என்று திருப்பிக் கேட்டேன். அவன் எழுந்து போனான். ஸ்கூட்டரில் ஏறும்போது அந்தக் காலைக் கையால் தூக்கி வைத்தான்.

அதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. தினம் பார்ப்பதுதான்.

ஜூலை 28, ஞாயிறு

சேறு என்று முன்பு எழுதியிருந்தேன். தாசன் விழுந்த அன்று காலை வெயில் நன்றாக அடித்தது. மழை முந்தின நாள்.

ஆகஸ்ட் 1, வியாழன்

தோம்பா ஊருக்குப் போய்விட்டான். விசாரணைக் குழுவினர் அவனைப் பல் மருத்துவரிடம் கூட்டிப்போய் வயது பார்க்கச் சொன்னார்களாம். மாட்டைப் பல் பிடித்துப் பார்ப்பதுபோல் என்று வாட்ஸப் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு மறுநாள் பையன் பெட்டியைக் கட்டிவிட்டான். கோச்தான் சந்திப்புவரை போய் ரயிலேற்றிவிட்டிருக்கிறார்.

அவனை நான் குறிவைக்கவில்லை. குறி வேறு.

ஆகஸ்ட் 8, வியாழன்

விசாரணை முடிந்தது. கோச் திருத்தக் கடிதத்தைக் கொடுத்திருக்கிறார். குற்றம் இல்லை என்று தாளாளர் எழுதிவிட்டார். தோம்பா திரும்பி வரலாம். கோச் மைதானத்துக்கு வரலாம்.

கோச் வரவில்லை. ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டார். தான் கூட்டிவந்த பையனின் வாயைத் திறக்கவைத்துப் பல்லை எண்ணிய இடத்தில் இனித் தனக்கு வேலை இல்லை என்று சொன்னாராம். முப்பத்திரண்டு வருடம்.

அவருக்குப் பேர் கெட வேண்டும் என்றுதான் நினைத்தேன். பேர் நிமிர்ந்துவிட்டது, ஆள் போய்விட்டார். இது எனக்கு வெற்றியா? அவர் போனது என்னால்தான். ஆனால் அது அவருக்குத் தெரியாது. தெரியாமல் போனால் என்ன பிரயோசனம்? யார் அடித்தது என்று தெரிந்தால்தானே அடி.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போகப்போகிறேன். முகத்துக்கு நேரே சொல்லப்போகிறேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

போய்விட்டு வந்துவிட்டேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மகாராஜநகரில் சின்ன வீடு. பத்தரைக்குப் போனேன். கோயிலுக்குப் போய்வந்த வேட்டியோடு கதவைத் திறந்தார். உள்ளே வரச் சொல்லி, மின்விசிறியைப் போட்டு, காப்பி கொண்டுவந்து கொடுத்தார். வீட்டம்மா மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார்களாம். மூன்று நாளாக இப்படித்தான் ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள், தம்பி எந்த பேட்ச் என்று கேட்டார். ஆறுதல் சொல்ல வந்தவன் என்று நினைத்துக்கொண்டார்.

தெற்கு கேட் எதிரே பிளக்ஸ் கடை என்றேன். “அப்படியா, அங்கன ஒரு கடை இருக்கு, ஆமா” என்றார்.

2004 தேர்வுக்கு வந்திருந்தேன் என்றும், பெயர் ஆறுமுகநயினார் என்றும் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். நடிக்கவில்லை. எனக்கு நன்றாகத் தெரிந்தது, நடிக்கவில்லை.

“ஞாபகம் வரலயே தம்பி. தப்பா எடுத்துக்காத. வருஷத்துக்கு எரநூறு பையங்க.”

ஆறு கோல் என்றேன். அதற்கும் வரவில்லை.

பிறகு அவராகவே, “அந்த வருஷம்னா தாசன்தான் ஞாபகத்துல நிக்கான்” என்றார். மூன்றாம் நாள் தாசன் விழுந்ததைச் சொன்னார். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் ஆறு வாரம் கிடந்தானாம். இவர் ஒரு நாள்விட்டு ஒரு நாள் போய்ப் பார்த்திருக்கிறார்.

என்னால் அடக்க முடியவில்லை. “நீங்க அன்னைக்குக் கோட்டுப் பக்கத்துலதான் நின்னீங்க சார். நிமிந்து என்னைப் பாத்தீங்க. விசில்கூட ஊதல.”

“நோட்டுல எழுதிட்டு இருந்தேன். சத்தம் கேட்டுத்தான் நிமிந்தேன். அவன் கெடக்கான், பக்கத்துல ஒரு பையன் நிக்கான். அது நீதானா? பாத்திருப்பேன்.” காப்பி டம்ளரை ஓரமாக வைத்தார். “யாரு மிதிச்சதுன்னு அவன்ட்ட எத்தனையோ தடவ கேட்டேன். தெரியலன்னுட்டான். கடைசிவரைக்கும் சொல்லல.”

 அப்படியானால் என்னை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். என் குரல் எனக்கே சின்னப் பையன் குரல் மாதிரி இருந்தது.

அவர் யோசித்துச் சொன்னார். முன்வரிசையில் ஒரே ஓர் இடம்தான் மிச்சம் இருந்ததாம். அது தாசனுக்கு என்று முந்தின நாளே நோட்டில் எழுதிவிட்டாராம். அவன் விழுந்த பிறகு அந்த இடத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. முட்டு சரியாகி வருவான் என்று ஒரு வருடம் காலியாகவே வைத்திருந்தார். கோழிக்கோட்டுப் பையன் பின்வரிசைக்கு வந்தவன்.

“நீயும் நல்லா ஆடியிருப்ப. எடம் இல்லாமப் போச்சு, அவ்வளவுதான். அதுக்கு இப்ப வருத்தப்படுதியா?” என்று என் தோளில் கை வைத்தார்.

சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. அவர் கேட்வரை வந்து வழியனுப்பினார். வெயிலாக இருக்கிறது, குடை வேண்டுமா என்று கேட்டார்.

ஆகஸ்ட் 12, திங்கள்

கடை திறக்கவில்லை. உடம்புக்கு என்ன என்று வடிவு கேட்டாள். இங்கே மட்டும் எழுதிவைக்கிறேன்.

எனக்கும் தாசனுக்கும் ஒரே இடம் என்று மூன்று நாளும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவன் என்னைவிட வேகம். மூன்றாம் நாள் என்னிடமிருந்து பந்தைப் பறித்தான். சுத்தமாகப் பறித்தான், தப்பே இல்லை. பறித்துத் தடுமாறிக் கீழே விழுந்தான். முட்டு மடங்கியபடி இருந்தது. நான் வழுக்கவில்லை. இரண்டு எட்டு வைத்துப் போனேன். பந்து அந்தப் பக்கம் உருண்டு போய்விட்டது என்று தெரிந்தேதான் அந்த முட்டின்மேல் காலை இறக்கினேன். அடியில் ஸ்டட் முளைகள் வைத்த பூட்ஸ். நிமிர்ந்தால் கோச் பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்த்துவிட்டார், அதனால்தான் என் பெயரை அடித்தார், பிடிக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை, வெறுமனே என்னை ஒதுக்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டே இருபது வருடம் அவரை வெறுத்தேன். அவர் திட்டியிருந்தால் விட்டிருப்பேன். அந்த மனிதருக்கு என்னைத் தெரியவே தெரியாது.

ஆகஸ்ட் 14, புதன்

பண்டகசாலை மத்தியானச் சாப்பாட்டுக்கு அடைக்கும் நேரம் போனேன். தாசன் பின்பக்கத்தில் சாக்குகள்மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மனு போட்டது நான்தான் என்று சொன்னேன். தெரியும் என்றான், தலையைத் தூக்காமலே. ஜெராக்ஸின் இடது ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு விழுந்திருந்ததாம். என் கடையில் எடுக்கும் எல்லாப் பிரதியிலும் அந்தக் கோடு விழும். தாளாளர் அறையில் கோச்சுக்குத் துணையாகப் போனபோது பார்த்திருக்கிறான்.

பிறகு அவன் கால் முட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினான்.

“கீழ கெடந்து ஒன் மூஞ்சிய பாத்துட்டுத்தான இருந்தேன். நீ எறக்குனத நான் பாத்தேன்.”

“பொறகு ஏன் சார்ட்ட சொல்லல?”

டிபன் பாக்ஸை மூடினான்.

“மன்னிச்சிட்டேன்னு நெனச்சியா? சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். நாலு பேரு திட்டுவான், நீ ஒரு மாசம் அழுவ, மறந்துருவ. சொல்லாட்டி நீ என்னைக் காணும்போதெல்லாம் சாவ. அதுக்குத்தாம்ல சொல்லல. ஒங்கடை முன்னால தினம் ரெண்டு தடவ ஸ்கூட்டர்ல போறனே, பண்டகசாலைக்கு அதுவா வழி?”

 எதிர்க் கடையில் யாரோ ஷட்டர் இறக்கினார்கள்.

“ஆனா அது சார் தலையில போய் விழும்னு நான் நெனைக்கல” என்றான். அப்போதுதான் அவன் குரல் மாறியது. “நான் அன்னைக்கே சொல்லியிருந்தா அவரு இன்னிக்கு கிரவுண்டுல நின்னுட்டு இருப்பாரு. அந்தப் பயலும் ஊருக்குப் போயிருக்க மாட்டான். இதுல ஒனக்குப் பாதி, எனக்குப் பாதி.”

என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

“குரூப்ல போடு. ரெண்டையும் போடு. ஒம் பேர்ல போடு.”

ஆகஸ்ட் 15, வியாழன்

காலை பத்து மணிக்கு, கொடியேற்றிவிட்டு எல்லாரும் போனைப் பார்க்கும் நேரத்தில் அனுப்பினேன். தாசனின் கால் முட்டைப் பற்றி நான்கு வரி. மனுவைப் பற்றி ஆறு வரி. திருத்தக் கடிதத்தைப் பார்த்த பிறகும் மறைத்தேன் என்பதையும் எழுதினேன். தாளாளருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இதையே கையெழுத்திட்டு நாளை அனுப்புகிறேன் என்றும் எழுதினேன்.

ஐந்தாவது நிமிடம் பதில் வர ஆரம்பித்தது. பிறகு கொட்டியது. என் பிளக்ஸ் முன்னால் கையெழுத்துப் போட்ட அத்தனை பேரும் என்னைத் திட்டினார்கள். துபாயிலிருந்து ஒருவர் என் அப்பா பெயரைச் சொல்லித் திட்டினார். கொம்பையா ஒரே ஒரு வரி எழுதினான்: “அண்ணே, என் பேரையும் படத்தையும் இனி எங்கயும் போடாதீங்க.”

தோம்பாவிடம் யார் பேசுவது, கோச் வீட்டுக்கு யார் யார் போவது என்று பிறகு அவர்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள். சொன்னாலும் அவர் திரும்பி வரமாட்டார் என்று சிலர், வருவார் என்று சிலர்.

தாசன் எதுவும் எழுதவில்லை. நான்கு மணிக்கு என்னைக் குழுவிலிருந்து நீக்கினான்.

இதை எழுதும்போது கடையில் இருக்கிறேன். வடிவிடம் போனைக் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டேன். படித்ததும் போனை என் கையில் திருப்பிக் கொடுத்து வீட்டுக்குப் போய்விட்டாள். இங்கிருந்து பார்த்தால் டீக்கடை தெரிகிறது. பத்துப் பன்னிரண்டு பேர் நிற்கிறார்கள். தாசன் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறான். ஒருவன் கையை ஆட்டி ஏதோ சொல்கிறான், இன்னொருவன் மறுக்கிறான். என்ன பேசுகிறார்கள் என்று இங்கே கேட்கவில்லை.